ஒரிஜினல் கேசட்டை தூக்கிப் போட்றாதீங்க

கேள்வி: அப்பா எடுத்த விஹெச்எஸ் கேசட்டை காப்பி எடுத்து, அந்த காப்பில இருந்து இன்னொரு காப்பி போட்டோம். அதுல முகமே சரியா தெரியல, கலரும் வழியுது. ஒரிஜினல்ல அங்கங்க கோடு விழுது. கம்ப்யூட்டர்ல ஏத்த எதைக் குடுக்கலாம்?

பதில்: கோடு விழுந்தாலும் ஒரிஜினலையே குடுங்க. விஹெச்எஸ்ல படத்தோட வெளிச்சத்துக்கே (அதாவது கருப்பு-வெள்ளை நுணுக்கத்துக்கே) சிக்னல்ல சுமார் 3 மெகாஹெர்ட்ஸ் தான் இடம், கலருக்கு அரை மெகாஹெர்ட்ஸ் கூட கிடையாது, அதனால ஒவ்வொரு தடவ காப்பி போடும்போதும் நுணுக்கம் கொஞ்சம் போயிடும், பழைய இரைச்சல் புள்ளி மேல புது இரைச்சல் புள்ளி வேற ஏறி உக்காந்துக்கும். உங்க மூணாவது கேசட்ல யாராவது சிவப்பு சட்ட போட்டிருந்தா அதோட ஓரத்தைப் பாருங்க, சிவப்பு சட்டையத் தாண்டி வலது பக்கம் இழுத்துட்டுப் போயிருக்கும். போனது போனதுதான், எந்த சாஃப்ட்வேரும் அத நிஜமா திருப்பிக் குடுக்காது.

பிளேயர் ஹெட்டை (டேப்ப படிக்கிற பாகம்) க்ளீன் பண்ணிட்டு, அத டேப்போட தடத்துல சரியா உக்கார வைக்கிற டிராக்கிங்க திருப்பிப் பாருங்க, பாதி கோடு அங்கயே போயிடலாம். ஆண்டெனா சாக்கெட் வழியா எடுக்காதீங்க, மஞ்சள் பின் வீடியோ அவுட் அதவிட நல்லது, எஸ்-வீடியோ இருந்தா இன்னும் நல்லது. படத்தோட மேல் பக்கம் காத்துல ஆடற கொடித்துணி மாதிரி வளையுதுன்னா டேப் இழுபட்டு ஒவ்வொரு லைனும் முன்னபின்ன வருதுன்னு அர்த்தம், அதுக்கு லைன்கள வரிசையா சரி பண்ற டைம் பேஸ் கரெக்டர்ங்கிற கருவி வேணும். ஷார்ப்னஸ மட்டும் ஏத்தாதீங்க, நான் ஒரு தடவ ஏத்தி ரெக்கார்ட் பண்ணி எல்லா முகத்தச் சுத்தியும் வெள்ளக் கோடு வந்துடுச்சு, அந்த டேப் அப்புறம் அறுந்தும் போச்சு, இன்னிக்கும் மனசு கேக்கல.

ஏத்துன ஃபைல எத்தன காப்பி வேணா போடலாம், ஒரு பிட் கூட குறையாது. ஆனா சின்னதாக்கறேன்னு திரும்பத் திரும்ப கம்ப்ரஸ் பண்ணா அதே கதைதான், முதல் ஃபைல தனியா வெச்சுக்கங்க.

கேள்வி: ஆண்டெனா கேபிள ரெண்டு டிவிக்குப் பிரிச்சதும் படம் கட்டம் கட்டமா உடையுது. டிவி பக்கத்துல பூஸ்டர் வெச்சும் சரியாகல, ஏன்?

பதில்: ஸ்ப்ளிட்டர் சிக்னல பாதியாக்கிடும், கிட்டத்தட்ட 3.5 டெசிபல் போகும். நீளமான கேபிளும் கொஞ்சம் தின்னுடும். அப்படி இளைச்சுப் போய் வர்றத டிவிகிட்ட பெருக்குனா இரைச்சலும் சேர்ந்துதான் பெருகும். பூஸ்டர ஆண்டெனா பக்கத்துலயே, கேபிள் ஆரம்பிக்கிற இடத்துல மாட்டுங்க. ஸ்ப்ளிட்டர்ல சும்மா இருக்கிற வாய் இருந்தா 75 ஓம் டெர்மினேட்டர் (சின்ன மூடி மாதிரி இருக்கும்) போட்டு மூடிடுங்க.