அது உங்கள் வாடிக்கை இல்லை, அந்த அம்மாவின் வாடிக்கை

கேள்வி: சேலம் கடைவீதிப் பக்கம் அப்பா காலத்திலிருந்து ஜவுளிக்கடை நடத்துகிறோம். ஆன்லைன் வந்தது, புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் பெரிய ஷோரூம்கள் வந்தன, வியாபாரம் பாதியாகிவிட்டது. வேலைக்கு வரும் பையன்கள் மூன்று மாதம்கூட நிற்பதில்லை. உட்காரவிட்டால் செல்போனை எடுத்துவிடுகிறார்கள் என்று ஸ்டூல்களை எல்லாம் எடுத்துவிட்டேன். 'விற்ற பொருள் வாபஸ் பெறப்பட மாட்டாது' என்று பெரிதாக எழுதி வைத்தும் சண்டைக்கு வருகிறார்கள். சேலை செக்‌ஷனில் 14 வருடம் இருந்த ஒரு அம்மா, போன தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது எதிர்க்கடைக்குப் போய்விட்டார். கோபத்தில் அவருடைய 20 நாள் சம்பளத்தைப் பிடித்துக்கொண்டேன். இப்போது என் வாடிக்கையில் பாதிப் பேர் அவர் பின்னாலேயே போய்விட்டார்கள். இது துரோகம் இல்லையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சேலம்

பதில்: துரோகம் இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் நீங்கள் கேட்க வந்தது அந்த ஒன்றைத்தான், ஆன்லைனும் ஷோரூமும் அதற்கு முன்னால் வந்த பேச்சு.

'என் வாடிக்கை' என்று எழுதியிருக்கிறீர்களே, அங்கேதான் எனக்கு இடிக்கிறது. அம்மாப்பேட்டையிலிருந்து உங்கள் கடைக்கு வரும் ஒரு குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூத்த மகளின் நிச்சயத்துக்கு என்ன நிறம் எடுத்தார்கள், சின்னவளுக்கு வளைகாப்பு எப்போது, அந்த வீட்டில் நல்ல காரியத்துக்குக் கறுப்புக் கலந்த சேலையைத் தொடமாட்டார்கள், 1,500 ரூபாய்க்கு மேல் எடுத்துப் போட்டால் அந்தப் பெரியம்மா சங்கடப்படுவார் ஆனால் வாய்விட்டுச் சொல்லமாட்டார், இதெல்லாம் யாருக்குத் தெரியும்? கல்லாவில் உட்கார்ந்திருந்த உங்களுக்கா, 14 வருடம் நின்றுகொண்டே சேலையை விரித்து விரித்து மடித்த அந்த அம்மாவுக்கா? கட்டடம் உங்களுடையது, சரக்கு உங்களுடையது, போர்டில் இருக்கும் பெயரும் உங்கள் அப்பாவுடையது. ஆனால் "வாங்கக்கா, பாப்பா எப்படி இருக்கா?" என்ற அந்தக் குரல் அவருடையது, ஜனங்கள் அந்தக் குரலைத் தேடித்தான் வந்தார்கள்.

ஓடுகிற கடையை விற்கும்போது சரக்குக்கும் அலமாரிக்கும் மேலே குட்வில் என்று ஒரு தொகை கேட்பது உங்களுக்குத் தெரியும். அந்த வார்த்தைக்கு என்ன பொருள் என்று 1810-லேயே இங்கிலாந்தில் ஒரு வழக்கில் பேசியிருக்கிறார்கள். சரக்கு வண்டி ஓட்டும் தொழில் ஒன்று கை மாறியது, பழைய ஆளோ மறுபடியும் வண்டி ஓட்ட ஆரம்பித்துவிட்டார், அவரைத் தடுக்கவேண்டும் என்று வாங்கியவர் வழக்குப் போட்டார். தீர்ப்புச் சொன்ன எல்டன் பிரபு தடுக்க மறுத்துவிட்டார். பழைய வாடிக்கைக்காரர்கள் பழைய இடத்துக்கே திரும்ப வரக்கூடும் என்ற வாய்ப்பு, குட்வில் என்றால் அவ்வளவுதான் என்றார். வரக்கூடும், அவ்வளவே. வந்தாகவேண்டும் என்று யாரும் யாருக்கும் எழுதிக் கொடுக்கவில்லை.

அந்த வாய்ப்பு எப்படிக் கைவிட்டுப் போகிறது என்பதை நம் ஊரில் ஒரு கடையில் நின்று பார்த்திருக்கிறேன். கடையின் பெயர் வேண்டாம். தை மாதம், ஏற்காட்டு மலையில் காப்பிப் பழம் பறிப்பு முடிந்து கையில் கொஞ்சம் காசு இருக்கும் நேரம். மலைக்கிராமத்திலிருந்து ஒரு குடும்பம் கல்யாணத்துக்குத் துணி எடுக்க வந்திருந்தது, ஏழெட்டுப் பேர், குழந்தைகளோடு. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி வந்த களைப்பு எல்லார் முகத்திலும் இருந்தது. சேலை காட்டிய பெண்ணுக்கு இருபது வயதுதான் இருக்கும், முகம் கோணாமல் ஒவ்வொன்றாக எடுத்து விரித்துக்கொண்டிருந்தாள், அவர்களும் நாலைந்தைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு, "அத்தை பின்னால வருது, அதுகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கறோம்" என்றார்கள். கல்லாவிலிருந்து முதலாளி கத்தினார்: "எடுக்காதவங்களுக்கு எதுக்குடி இத்தனையை விரிக்கிற?" கடையே ஒரு நிமிடம் அமைதியாகிவிட்டது. அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு மடிக்க ஆரம்பித்தாள். குடும்பத்தில் பெரியவராக இருந்தவர் எதுவும் பேசவில்லை, எழுந்தார், எல்லாரும் அவர் பின்னால் எழுந்தார்கள். தெருவைத் தாண்டி இன்னொரு கடைக்குள் அவர்கள் நுழைவதை நான் வாசலில் நின்று பார்த்தேன்.

ஒரே வாக்கியத்தில் வாடிக்கைக்காரரையும் வேலைக்காரரையும் சேர்த்தே அவமானப்படுத்த முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிரித்துப் பார்க்கவே முடியாது. கடைப்பையனை 'டேய்' போட்டுக் கூப்பிடுகிற இடத்தில், அடுத்த திட்டு நமக்குத்தான் என்று வாங்க வந்தவருக்குத் தெரியும். அப்புறம், அந்தக் குடும்பம் சாயங்காலம் மலைக்கு பஸ் ஏறியிருக்கும். வளைவு வளைவாக ஏறி முடிப்பதற்குள் அந்தப் பேச்சு எத்தனை ஊருக்குப் போயிருக்கும் என்று கணக்குப் பாருங்கள். அந்த முதலாளியின் கணக்குப் புத்தகத்தில் இது எந்தப் பக்கத்திலும் வராது. மூன்று வருடம் கழித்து அவரும் உங்களைப் போலவே, ஆன்லைனால் வியாபாரம் போச்சு என்றுதான் சொல்வார்.

இப்போது ஸ்டூலுக்கு வருகிறேன். இதில் எனக்கு உங்கள்மேல் கோபமே உண்டு. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்தார்கள். கடையில் வேலை செய்யும் ஒவ்வொருவருக்கும் உட்கார வசதி இருக்கவேண்டும், நாள் முழுக்க நின்றுகொண்டே இருக்கும்படி வைக்கக்கூடாது என்கிறது அது. கேரளாவில் 2018-லேயே வந்துவிட்டது, அங்கே ஜவுளிக்கடையில் நின்று நின்று கால் வீங்கிப்போன பெண்கள் போராடி வாங்கிய உரிமை அது. நீங்கள் எடுத்துப் போட்டது வெறும் ஸ்டூல் இல்லை, அவர்களுக்குச் சட்டம் கொடுத்திருக்கும் இடம். அதைப் பிடுங்கிவிட்டு மூன்று மாதத்தில் ஓடிவிடுகிறார்கள் என்றால் எப்படி? பத்து மணி நேரம் நின்ற கால் என்ன சொல்லும் என்று தெரியவேண்டுமானால் ஒரே ஒரு நாள், ஆடித் தள்ளுபடி நேரத்தில், கல்லாவை விட்டு எழுந்து அவர்களோடு நின்று பாருங்கள்.

அந்த வாபஸ் போர்டைக் கழற்றுங்கள். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் சொல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். ஒரு தண்ணியிலேயே சாயம் போன சேலையோடு வந்து நிற்கிறவரிடம் போர்டைக் காட்டினால் அவர் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணுக்கு போன் செய்யலாம், மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். பெரும்பாலானவர்கள் போகமாட்டார்கள். பேசாமல் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மறுபடி வரமாட்டார்கள், உங்களுக்கு அதுதான் பெரிய நஷ்டம். சண்டைக்கு வருகிறவர்களைப் பற்றி இவ்வளவு வருத்தப்படுகிறீர்கள், இன்னமும் உங்கள் கடையிலேயே வாங்கவேண்டும் என்று நினைப்பதால்தானே அவர் சண்டை போடுகிறார்? இதே ஊரில், செவ்வாய்ப்பேட்டையிலிருந்து கொலுசுப் பட்டறைகளுக்கு வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து அனுப்புகிறார்கள், கூலிக்குச் செய்கிறவர் கொலுசாக்கித் திரும்பக் கொடுக்கிறார், இத்தனை விலை உயர்ந்த பொருள் தினமும் நம்பிக்கையின்மேல் கை மாறுகிறது. அப்படிப்பட்ட ஊரில் 600 ரூபாய்ச் சேலைக்கு வாடிக்கைக்காரரைப் பொய்யராகப் பார்க்கலாமா?

ஆன்லைன் போட்டி உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் விலையில் அவர்களோடு உங்களால் மோத முடியாது, உங்களிடம் மிச்சம் இருந்தது ஆள்தான். அமெரிக்காவில் சர்க்யூட் சிட்டி என்று டிவி, கம்ப்யூட்டர் விற்கும் பெரிய கடைத்தொடர் இருந்தது. சம்பளம் அதிகம் என்று சொல்லி 2007 மார்ச்சில் சுமார் 3,400 விற்பனையாளர்களை ஒரே நாளில் அனுப்பிவிட்டு, குறைந்த சம்பளத்துக்கு ஆள் எடுக்கப் போனார்கள். 2008 நவம்பரில் திவால் மனு, 2009 மார்ச்சில் கடைசிக் கடையும் மூடியாகிவிட்டது. அப்போது அங்கே பொருளாதாரமே சரிந்து கிடந்தது, போட்டியும் கடுமை, அதனால் எல்லாப் பழியையும் இந்த ஒன்றின்மேல் போடமுடியாது. இருந்தாலும், எந்த டிவியை வாங்கலாம் என்று எடுத்துச் சொல்லத் தெரிந்தவர்களைத்தான் அவர்கள் முதலில் வெளியே அனுப்பினார்கள் என்பது மாறாது.

நீங்கள் அந்த அம்மாவை அனுப்பவில்லை, அவரேதான் போனார் என்பீர்கள். சரி, ஒன்று கேட்கிறேன். தீபாவளிக்கு ஒரு மாதம் முன்னால், போனஸ் கைக்கு வரும் நேரத்தில், 14 வருடம் இருந்த ஒருவர் எதற்குக் கிளம்புவார்? போனஸுக்குச் சட்டம் சொல்லும் குறைந்தபட்சமே வருடச் சம்பளத்தில் 8.33 சதவிகிதம், ஏறக்குறைய ஒரு மாதச் சம்பளம். அந்தத் தொகையைக்கூட விட்டுவிட்டுப் போகிறார் என்றால் அதற்கு மேல் ஒன்று உங்கள் கடையில் நடந்திருக்கிறது. அது என்ன என்று கடிதத்தில் ஒரு வரிகூட இல்லை. உங்களுக்கே தெரியாது என்றுதான் நினைக்கிறேன், கேட்டிருக்கமாட்டீர்கள்.

அந்த 20 நாள் சம்பளம் உங்கள் பணம் இல்லை. அவர் நின்று உழைத்த கூலி. இந்த வாரத்திலேயே ஒரு கவரில் போட்டு, போனஸ் பாக்கி இருந்தால் அதையும் சேர்த்து, அவர் வீட்டுக்கு நீங்களே கொண்டுபோய்க் கொடுங்கள், கடைப்பையனிடம் கொடுத்து அனுப்பாதீர்கள். திரும்ப வேலைக்கு வாருங்கள் என்று அங்கே கேட்கவேண்டாம், கேட்டால் அதற்காகத்தான் வந்தீர்கள் என்று ஆகிவிடும். ஏன் போனீர்கள் என்று மட்டும் கேளுங்கள். அவர் சொல்லும்போது குறுக்கே பேசாமல் உட்கார்ந்து கேட்டுவிட்டு வாருங்கள்.