உதடு மரத்துவிட்டது, பல்?

அன்புள்ள ஐயா,

தொடக்கப்பள்ளியில் பல் தாதி வகுப்பு வாசலில் வந்து நின்றாலே எனக்கு வயிற்றைக் கலக்கும். இப்போது வயது 44, கலக்கம் போகவில்லை. இடது கீழ்க் கடைவாய்ப் பல்லில் ஒரு மாதமாகக் கூச்சம். ஐஸ் தண்ணீர் பட்டால் சுரீர் என்கிறது, விழுங்கியதும் போய்விடுகிறது. மூன்று முறை நேரம் பதிந்து மூன்று முறையும் ரத்து செய்துவிட்டேன். நாலு வருடம் முன்பு வலப்பக்கக் கீழ்ப்பல்லை அடைக்கப் போனபோது, ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்துக் கண் இருட்டிக்கொண்டு வந்தது. பிறகு உதடு மரத்திருந்தும் பல் வலித்தது. சொன்னால், “அதெல்லாம் மரத்துப்போச்சு” என்றார்கள். மூச்சை நன்றாக இழுத்து விடு என்கிறார்கள் எல்லாரும். இழுக்க இழுக்கத் தலைதான் சுற்றுகிறது. என்ன செய்யட்டும்?

மாலதி, ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள மாலதி,

படபடப்பு, மயக்கம், மரக்காத பல் என்று மூன்று சங்கதிகள் உங்களிடம் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. மூன்றுக்கும் வழி வேறு வேறு.

படபடப்பு பயத்தால் மட்டும் வருவதில்லை, மருந்தாலும் வரும். மரப்பு ஊசியில் பெரும்பாலும் லிக்னோகெயின் என்ற மரப்பு மருந்துடன் அட்ரினலின் கலந்திருக்கும், 80,000இல் ஒரு பங்கு அல்லது 1,00,000இல் ஒரு பங்கு. ரத்தக் குழாயைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைப்பது அதன் வேலை. கொஞ்சம் ரத்தத்தில் கலந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், சில நிமிடத்தில் தணியும். காலையில் ஒரு கோப்பி ஓ (பால் இல்லாத கோப்பி) குடித்துவிட்டுப் போயிருந்தால் கேட்கவே வேண்டாம். அன்றைக்குக் கோப்பியை விடுங்கள், சாப்பாட்டை விடாதீர்கள். மருத்துவரிடம் இதைச் சொன்னால் மெதுவாகச் செலுத்துவார். 1 மில்லிக்கு ஒரு நிமிடம் என்பது நல்ல வேகம். ஊசியின் வலி குத்துவதால் மட்டும் அல்ல, மருந்தை அவசரமாகத் தள்ளுவதாலும்தான். அட்ரினலின் இல்லாத மெபிவகெயினும் உண்டு, ஆனால் சீக்கிரம் தெளிந்துவிடும்.

கண் இருட்டுவது வேறு. ஊசியைக் கண்டு சிலருக்கு ரத்த அழுத்தம் முதலில் ஏறிப் பிறகு சடாரென்று விழும். விழுகிற அழுத்தத்துக்கு மூச்சுப் பயிற்சி எடுபடாது. வேகவேகமாக ஆழ இழுத்தால் கரியமில வாயு குறைந்து தலைசுற்றல் கூடும், விரல் நுனி குறுகுறுக்கும். உங்களுக்கு நேர்ந்தது அதுவாக இருக்கலாம். செய்யவேண்டியது இறுக்குவது: இரண்டு கையும் முஷ்டி பிடித்து, தொடையையும் வயிற்றையும் சேர்த்து 10, 15 விநாடி இறுக்குங்கள், முகத்தில் சூடு ஏறும்வரை. பிறகு அரை நிமிடம் தளர விடுங்கள். இப்படி ஐந்து சுற்று. வீட்டில் ஒரு வாரம் பழகிக்கொள்ளுங்கள். தாடையை மட்டும் இறுக்க வேண்டாம். நாற்காலியை முழுக்கச் சாய்த்து, கால் சற்று உயர்ந்திருக்க, படுத்த நிலையில் ஊசி போடச் சொல்லுங்கள்.

இனி மரக்காத பல். உங்களை அதிகம் காயப்படுத்தியது இதுதான் என்று நினைக்கிறேன். மேல்தாடை எலும்பில் நுண்துளைகள் உண்டு. பல்லின் பக்கத்திலேயே குத்தினால் மருந்து ஊறி இறங்கிவிடும். கீழ்க் கடைவாய்ப் பகுதியில் எலும்பு கெட்டி. அதனால் வாயின் கடைக்கோடியில், நரம்பு தாடைக்குள் நுழையும் இடத்தில் மருந்தை விடுகிறார்கள். ஆளுக்கு ஆள் அந்த இடம் கொஞ்சம் தள்ளியிருக்கும், கைதேர்ந்தவருக்கும் சில சமயம் தப்பும். பத்து நிமிடம் ஆகியும் அந்தப் பக்க உதடும் மோவாயும் தடித்தமாதிரி ஆகவில்லை என்றால் ஊசி தப்பிவிட்டது, மறுபடி போடவேண்டும். உதடு மரத்தும் பல் வலித்தால் அதுவும் உண்மையான வலிதான். அதற்குப் பல்லின் வேரோரம் போடுகிற கூடுதல் ஊசி இருக்கிறது. உதடு மரத்ததைப் பல் மரத்ததற்குச் சான்றாக எடுத்துக்கொண்டவர்கள் செய்தது தவறு என்றே சொல்வேன். குடைவதற்கு முன், பஞ்சில் குளிர் ஸ்பிரே அடித்துப் பல்லில் வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். குளிர் உறைத்தால் இன்னும் மரக்கவில்லை. ஒன்று மட்டும்: எவ்வளவு மரத்தாலும் அழுத்தமும் அதிர்வும் தெரியும். அதை வலியோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.

தள்ளிப்போடுவதில் ஒரு வம்பு இருக்கிறது. குளிர் பட்டதும் கூசி உடனே அடங்குவது, அடைத்தால் போதும் என்கிற கட்டமாக இருக்க வாய்ப்பு அதிகம். கூச்சம் அரை நிமிடத்துக்கு மேல் நின்றாலோ, இரவில் தானாக விண்விண் என்று தெறித்தாலோ பல்லுக்குள் இருக்கும் நரம்புக்கூழில் அழற்சி முற்றியிருக்கலாம், வேர் சிகிச்சைக்குப் போகும். அழற்சி ஏறிய கீழ்க் கடைவாய்ப் பல்லைத்தான் மரக்க வைப்பது ஆகக் கடினம். அங்கே திசு அமிலமாகிவிடுவதால் மருந்து நரம்புக்குள் சரியாகப் புகாது என்பது ஒரு காரணம்.

பல் மருத்துவர்கள் பயத்தை அளக்க ஐந்து கேள்வி வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் பல் மருத்துவரிடம் போகவேண்டும் என்றால், காத்திருக்கும்போது, குடையும்போது, சுத்தம் செய்யும்போது, ஊசி போடும்போது எப்படி இருக்கும்? ஒவ்வொன்றுக்கும் 1 (பயமே இல்லை) முதல் 5 (மிகக் கடும் பயம்) வரை. கூட்டினால் 19ஓ அதற்கு மேலோ வந்தால் கடும் பயம். 1969இல் வந்த மூலப் பட்டியலில் ஊசியே கிடையாது, 1995இல்தான் சேர்த்தார்கள்! கூட்டுத்தொகையை விடுங்கள், எதற்கு 5 போட்டீர்கள் என்பதைத் தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள். வாயைத் திறந்தபிறகு பேசமுடியாது.

தொலைபேசியில் இப்படிக் கேளுங்கள்: “முதல் தடவை பார்க்க மட்டும், சிகிச்சை வேண்டாம், காலை முதல் நேரம் கிடைக்குமா?” முதல் ஆளாகப் போனால் காத்திருந்து வேகவேண்டியதில்லை. நீலமோ ஆரஞ்சோ சாஸ் (CHAS, அரசு மருத்துவ மானிய) அட்டை இருந்தால் அதில் சேர்ந்த தனியார் பல் மருந்தகமா என்று அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். நிறுத்தச் சொல்ல இடது கையைத் தூக்குவதாகப் பேசிக்கொள்ளுங்கள். மருத்துவர் பெரும்பாலும் வலப்பக்கம் உட்கார்ந்திருப்பார், வலது கை கருவியில் பட்டுவிடும். வலிக்காதபோதே ஒரு தடவை தூக்கிப் பாருங்கள், நிறுத்துகிறாரா என்று.

இவ்வளவுக்குப் பிறகும் முடியவில்லை என்றால் பயத்தைத் தணிக்கும் நைட்ரஸ் ஆக்சைடு வாயு கேட்கலாம். ஆக்சிஜன் கொடுத்தால் சில நிமிடத்தில் தெளியும். ரத்த நாளம் வழி மயக்கமருந்து என்றால் உடன் வர ஆள் வேண்டும், எவ்வளவு நேரம் பட்டினி என்பதை அவர்களே சொல்வார்கள். மேலே நான் சொன்ன சாப்பாடு அந்த நாளுக்குப் பொருந்தாது.

வேலை முடிந்தும் உதடு இரண்டு மூன்று மணி நேரமாவது மரத்தே இருக்கும். அதுவரை மெல்லவும் வேண்டாம், சூடான கோப்பியும் வேண்டாம். உதட்டைக் கடித்தாலும் சுட்டாலும் தெரியாது.