கேளுங்க அண்ணாச்சி: அந்தத் தாளில் கையெழுத்துப் போடாதீங்க

கேள்வி: அண்ணாச்சி, எனக்கு 51 வயசு. ஒரு நூற்பாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக 23 வருஷம் முடிந்துவிட்டது. மொத்தம் 140 பேர் வேலை பார்க்கிறோம். போன வாரம் எங்களில் ஐந்து பேரை ஹெச்.ஆர் கூப்பிட்டார், ஐந்து பேருமே 48 தாண்டியவர்கள். ஆர்டர் குறைந்துவிட்டது, நீங்களாக ராஜினாமா எழுதிக் கொடுத்தால் எல்லாம் சேர்த்து இரண்டரை லட்சம் தருகிறோம், இல்லையென்றால் அதுவும் கிடைக்காது என்கிறார். நான் தொழில் சொல்லிக் கொடுத்த மூன்று பையன்கள் இருக்கிறார்கள், வேலைக்கு வந்து நாலு வருஷம்கூட ஆகவில்லை, அவர்களை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. பேசிக்கும் பஞ்சப்படியும் சேர்த்து மாதம் 15,600 வாங்குகிறேன். வெள்ளிக்கிழமைக்குள் சொல்லணுமாம். என்ன செய்யட்டும்? (பெயர் வேண்டாம், தாழையூத்து)

பதில்: கையெழுத்துப் போடாதீர்கள். மற்றதெல்லாம் அப்புறம். இதழ் வருவதற்குள் வெள்ளிக்கிழமை போய்விடும் என்பதால் உங்களுக்குப் போனிலேயே சொல்லிவிட்டேன், ஆனால் இதே நிலைமையில் இருக்கும் நாலு பேர் இதைப் படிப்பார்கள் என்று இங்கேயும் எழுதுகிறேன்.

அவர்கள் ஏன் ராஜினாமா கேட்கிறார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஆள் வேண்டாம் என்றால் நிறுத்த வேண்டியதுதானே, எதற்கு உங்கள் கையால் எழுதி வாங்க வேண்டும்? காரணம், ஆட்குறைப்பு என்று வந்துவிட்டால் சட்டம் உங்கள் பக்கம்தான் சாய்கிறது. ஒரே வகை வேலையில் இருப்பவர்களில் கடைசியாக வந்தவரைத்தான் முதலில் அனுப்ப வேண்டும் என்பது 1947-ஆம் வருஷத்துத் தொழில் தகராறுகள் சட்டத்திலேயே இருந்த விதி. 2025 நவம்பர் 21-இல் அமலுக்கு வந்த புதிய தொழில் உறவுச் சட்டத் தொகுப்பிலும் அது அப்படியே தொடர்கிறது. முறையை மாற்றி மூத்தவரை அனுப்பினால், ஏன் என்று முதலாளி எழுத்தில் பதிய வேண்டும். 'வயசாகிவிட்டது, சம்பளம் கூட' என்று யார் எழுதுவார்கள்? அதனால்தான் அந்த வெள்ளைத்தாள். நீங்களாக விலகினால் அது ஆட்குறைப்பே ஆகாது, விதியும் இல்லை, இழப்பீடும் இல்லை.

பணக் கணக்கும் போட்டுப் பார்த்துவிடுவோம். கிராஜுவிட்டி (வேலையை விட்டுப் போகும்போது முதலாளி தரவேண்டிய பணிக்கொடை) என்பது கடைசி மாத பேசிக், பஞ்சப்படியை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் வருஷத்தால் பெருக்குவது. 15,600-ஐ 26-ஆல் வகுத்தால் 600, பதினைந்து நாளைக்கு 9,000, இருபத்து மூன்று வருஷத்துக்கு 2,07,000 ரூபாய். இந்தப் பணம் நீங்கள் விலகினாலும் உங்களுடையது, அவர்கள் அனுப்பினாலும் உங்களுடையது. 'அதுவும் கிடைக்காது' என்று ஹெச்.ஆர் சொன்னது சுத்தப் பொய். ஐந்து வருஷ சர்வீஸ் முடித்தவருக்கு, வேலை முடிந்த 30 நாளுக்குள் கொடுத்தாக வேண்டும், தாமதித்தால் வட்டியோடு.

அதற்கு மேல்தான் ஆட்குறைப்பு இழப்பீடு: முடித்த ஒவ்வொரு வருஷத்துக்கும் 15 நாள் சராசரிச் சம்பளம். அரை மாதச் சம்பளம் 7,800 என்று வைத்தால் 1,79,400. ஒரு மாத நோட்டீஸ், இல்லையென்றால் அதற்குப் பதில் சம்பளம் 15,600. மூன்றையும் கூட்டினால் 4,02,000 ரூபாய். புதிய தொகுப்பில், ஆட்குறைப்பு செய்யப்பட்டவர் வேறு தொழில் கற்றுக்கொள்வதற்கென்று முதலாளி கட்ட வேண்டிய 15 நாள் சம்பளம் தனி. பி.எஃப் இதில் சேரவே சேராது, அது ஏற்கனவே உங்கள் பணம். ஆக, பெருந்தன்மையாக நீட்டுகிற அந்த இரண்டரை லட்சத்தில் இரண்டு லட்சத்துச் சொச்சம் எப்படியும் வரவேண்டிய கிராஜுவிட்டி, உங்கள் கையெழுத்துக்கு அவர்கள் கொடுக்கும் விலை 43,000. நீங்கள் இழப்பது ஒன்றரை லட்சத்துக்கு மேல்.

ஒரு கசப்பான விஷயத்தையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். முன்பு 100 பேருக்குக் குறையாமல் இருக்கும் ஆலையில் ஆட்குறைப்பு செய்ய அரசின் முன்அனுமதி வேண்டும். புதிய தொகுப்பில் அந்த எண்ணிக்கை 300 ஆகிவிட்டது, அதனால் உங்கள் 140 பேர் ஆலைக்கு அந்தத் தடை இல்லை. வேலையே போகாது என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் போனால் சட்டப்படி போகட்டும். ஒரு வருஷத்துக்குள் அவர்கள் திரும்ப ஆள் எடுத்தால் உங்களைப் போல ஆட்குறைப்பில் போனவர்களுக்குத்தான் முன்னுரிமை, ராஜினாமா கொடுத்தவருக்கு அதுவும் கிடையாது.

இப்போது செய்ய வேண்டியது. ஐந்து பேரும் சேர்ந்தே இருங்கள், ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டால் 'வீட்டில் கேட்டுச் சொல்கிறேன்' என்று எழுந்து வந்துவிடுங்கள். எந்தத் தேதியில் யார் என்ன சொன்னார் என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். 'ராஜினாமா செய்யும்படி எங்களிடம் கேட்கப்பட்டது, எங்களுக்கு அதில் விருப்பமில்லை, தொடர்ந்து வேலை செய்யத் தயாராக இருக்கிறோம், எங்கள் பிரிவின் சீனியாரிட்டி பட்டியல் வேண்டும்' என்று தமிழிலேயே நிர்வாகத்துக்கு எழுதி ஸ்பீடு போஸ்டில் அனுப்புங்கள் (பதிவுத் தபால்தான் 2025-லேயே அதோடு சேர்ந்துவிட்டதே), ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். மீறி வாசலில் நிறுத்தினால் திருநெல்வேலியில் உள்ள தொழிலாளர் துறையின் சமரச அதிகாரியிடம் மனு கொடுங்கள். பழைய சட்டத்தில் மூன்று வருஷம் அவகாசம் இருந்தது, இப்போது இரண்டுதான், தள்ளிப்போட வேண்டாம். உங்களில் யாராவது ஏற்கனவே எழுதிக் கொடுத்திருந்தால், நிர்வாகம் அதை ஏற்று முடிப்பதற்குள் 'திரும்பப் பெறுகிறேன்' என்று இன்றைக்கே எழுதி அனுப்பச் சொல்லுங்கள்.

என் அப்பாவும் இப்படி ஒரு தாளில் கையெழுத்துப் போட்டவர்தான். தாள் இங்கிலீஷில் இருந்தது. அதில் என்ன எழுதியிருக்கு என்று ராத்திரி அம்மா கேட்டாள், அப்பாவுக்குச் சொல்லத் தெரியவில்லை. அவருக்கு அப்போது 49. இந்தப் பகுதியை எழுத ஒத்துக்கொண்டதே அந்த ராத்திரியால்தான்.

கேள்வி: அண்ணாச்சி, 46 வயசு, டேலி கணக்கு சாஃப்ட்வேரில் 17 வருஷ அனுபவம். நான் இருந்த கடையை மூடிவிட்டார்கள். நாலு இடத்தில் இன்டர்வியூ போனேன், வயசைக் கேட்டதும் முகம் மாறுகிறது. 'வயது 25-35' என்று போர்டிலேயே எழுதி வைக்கிறார்களே, இது சட்டப்படி சரியா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: தங்கச்சி, சரி என்று சொல்ல மனசு வரவில்லை, தப்பு என்று சொல்லச் சட்டம் இல்லை. தனியார் வேலையில் வயசைக் காரணம் காட்டி மறுக்கக் கூடாது என்று நம் நாட்டில் இதுவரை தனிச் சட்டம் கிடையாது. அரசியல் சாசனத்தின் 15-ஆவது பிரிவு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் என்று பட்டியல் போடுகிறது, வயசு அதில் இல்லை. பெண் என்பதற்காக மறுத்தால் கேட்கலாம், அதற்கு ஊதியச் சட்டத் தொகுப்பில் இடம் இருக்கிறது. அமெரிக்காவில் 40 தாண்டியவர்களைக் காப்பாற்ற 1967-லேயே சட்டம் போட்டுவிட்டார்கள். நம் மாநில அரசு தன் ஊழியர்களின் ஓய்வு வயதை 2020-இல் 58-லிருந்து 59 ஆக்கி, அடுத்த வருஷமே 60 ஆக்கியது. அறுபது வரை ஒருவரால் வேலை பார்க்க முடியும் என்று அரசுக்குத் தெரிந்திருக்கிறது, ஜவுளிக்கடை வாசலில் போர்டு வைப்பவருக்கு 36 வயசே கிழமாகத் தெரிகிறது. இதற்குச் சட்டம் வரவேண்டும், தேர்தல் நேரத்தில் ஓட்டுக் கேட்டு வருபவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதுவும் ஒன்று.

அதுவரைக்கும் சில விஷயம் சொல்கிறேன். பயோடேட்டாவில் பிறந்த தேதியும் எஸ்.எஸ்.எல்.சி முடித்த வருஷமும் கட்டாயமில்லை, எடுத்துவிடுங்கள். முதல் வரியில் உங்கள் வேலையை எழுதுங்கள்: வாட் வரிக் காலத்திலிருந்து 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி வந்தபோது ஒரு கடையின் கணக்கு முழுவதையும் மாற்றியவர் நீங்கள், அந்த மாதங்களில் எத்தனை கடையில் முதலாளிக்குத் தூக்கம் போனது என்று ஊருக்கே தெரியும். இன்றைக்கு இருபத்தைந்து வயசுப் பிள்ளை யாரும் அதைப் பார்த்திருக்காது. இ-வே பில், ரிட்டர்ன் தாக்கல், ஸ்டாக் டேலி பண்ணுவது, எது எது கைவசம் இருக்கிறதோ அதைச் சொல்லுங்கள். பெரிய ஷோரூம்களை விட்டுவிட்டு ஆடிட்டர் அலுவலகங்களில் கேட்டுப் பாருங்கள், அங்கே நம்பகமான ஆளுக்கு மரியாதை உண்டு. நாலைந்து சின்னக் கடைக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுவதும் ஒரு வழி, ஜங்ஷன், டவுன் பக்கம் முழுநேர ஆளுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத கடைகள் நிறைய. நாலு இடத்தில் முகம் மாறியதற்கு நீங்கள் காரணமில்லை தங்கச்சி.

கேள்வி: எல்லோரும் முதலாளியையே திட்டுகிறீர்கள். வயசானவர் மெதுவாகத்தான் வேலை பார்ப்பார், லீவும் அதிகம். நாங்கள் தொழில் நடத்த வேண்டாமா? (வொர்க்‌ஷாப் உரிமையாளர், வண்ணார்பேட்டை)

பதில்: நடத்துங்கள் அண்ணாச்சி, நீங்கள் நடத்தினால்தான் பத்து வீட்டில் உலை கொதிக்கும். ஆனால் கடைசி மூன்று வருஷத்தில் சேர்த்த பையன்களில் எத்தனை பேர் இன்னும் உங்களிடம் இருக்கிறார்கள், எத்தனை பேர் வேலை பழகியதும் திருப்பூருக்கோ சென்னைக்கோ துபாய்க்கோ போய்விட்டார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஒவ்வொருவரும் பழகும் வரை வீணாக்கிய பொருளையும் பக்கத்தில் எழுதுங்கள். அப்புறம் இன்ஜின் சத்தத்தைக் கேட்டே கோளாறைச் சொல்லும் உங்கள் மூத்த மெக்கானிக்கின் லீவுக் கணக்கோடு ஒப்பிடுங்கள். முதுகு வலிக்கிற வேலையைப் பையனுக்கும், கோளாறு கண்டுபிடிக்கிற வேலையை மூத்தவருக்கும் பிரித்துக் கொடுத்தால் இரண்டு பேரும் தேவைப்படுவார்கள். 2011 கணக்கெடுப்பிலேயே தமிழ்நாட்டில் பத்துப் பேருக்கு ஒருவர் 60 தாண்டியவர், இப்போது அது இன்னும் கூடியிருக்கும். இளசுதான் வேண்டும் என்றால் ஆளே கிடைக்காத காலம் நமக்கு ரொம்ப தூரத்தில் இல்லை.

கேள்வி: அப்பாவுக்கு 53 வயசில் வேலை போய்விட்டது, 19 வருஷம் பி.எஃப் பிடித்திருக்கிறார்கள். பென்ஷன் இப்போதே வாங்கலாம் என்கிறார்களே? (கல்லூரி மாணவர், அம்பாசமுத்திரம்)

பதில்: வாங்கலாம் தம்பி, பத்து வருஷ சர்வீஸ் இருந்தால் 50 வயசிலிருந்தே கேட்கலாம். ஆனால் முழு பென்ஷன் 58-இல்தான், அதற்கு முன் வாங்கினால் ஒவ்வொரு வருஷத்துக்கும் 4 சதவீதம் குறைப்பார்கள், அந்தக் குறைவு ஆயுசு முழுக்கத் தொடரும், 58 ஆனதும் சரிசெய்ய மாட்டார்கள். வீட்டுச் செலவுக்கு வேறு வழி இருந்தால் ஸ்கீம் சர்டிபிகேட் (இதுவரை பார்த்த பென்ஷன் சர்வீஸுக்கான சான்று) மட்டும் வாங்கி வைக்கச் சொல், வேறு வேலை கிடைத்தால் இந்த 19 வருஷமும் அதோடு சேரும். முதலில் யு.ஏ.என் (பி.எஃப் உறுப்பினர் எண்) கணக்கில் அப்பாவின் பிறந்த தேதியும் வேலையை விட்ட தேதியும் சரியாக ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிடு, தப்பாக இருந்தால் பழைய முதலாளியிடம் இப்போதே திருத்தச் சொல்லிக் கேள்.