ஊட்டிக் குளிரில் மாவு பொங்கவில்லை, தினமும் பார்சல்தானா?

இருவரும் வேலைக்குப் போகிறீர்கள், மாவு பொங்குவதில்லை, பருப்பு வேகுவதில்லை, அதனால் பார்சல் என்கிறீர்கள். ஊட்டி 2,240 மீட்டர் உயரம். தண்ணீர் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு முரண்டுதான் பிடிக்கும். அரை மணி ஊறவைத்து, குக்கரில் வழக்கத்தைவிட இரண்டு விசில் கூட விடுங்கள்.

மாவுக்கு 4 பங்கு இட்லி அரிசி, 1 பங்கு உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம். வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அரைத்து, கையால் கலந்து, பாத்திரத்தோடு போர்வையில் சுற்றி வையுங்கள். அடியில் கொதிநீர் வைத்தால் அடிமாவு வெந்து கெடும். கை பொறுக்கும் சூடு போதும். ஜனவரியில் 16 மணி நேரமும் ஆகலாம், ஆகவே சனிக்கிழமை மாலையே அரையுங்கள்.

சோறு, ரசத்தைக் காசு கொடுத்து வாங்குவது வீண். பரோட்டா, குருமா மாதிரி நேரம் தின்பவற்றை மட்டும் வாங்குங்கள். அதுவும் மே சீசனில் வேண்டாம், பார்சலுக்குக் காத்து நிற்கும் நேரத்தில் சாம்பாரே வைத்துவிடலாம்.