நீர்க்கரையில் எடுத்த படமும் தம்பி மீதான முறைப்பாடும்

திருகோணமலை உவர்மலையிலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். சார்ஜாவில் நான்கு ஆண்டுகளாகக் குளிரூட்டி திருத்தும் வேலையிலிருக்கும் அவருடைய தம்பி, விடுமுறை நாட்களில் போகும் இடங்களையெல்லாம் கைபேசியில் படமெடுத்து முகநூலில் போடுவது வழக்கம். அண்மையில் அல் மஜாஸ் நீர்க்கரையில் அவர் எடுத்த படமொன்றில் தம் குடும்பம் இருப்பதாக ஒருவர் பொலிஸில் முறைப்பாடு செய்ய, கைபேசியை வாங்கி வைத்துக்கொண்ட பொலிஸார் அவரை வாக்குமூலத்துக்கு அழைத்திருக்கிறார்கள். தம்பியின் முகநூல் கடவுச்சொல் தமக்குத் தெரியும் என்றும், படங்களையெல்லாம் இங்கிருந்தே அழித்துவிடலாமா என்றும் சகோதரி கேட்கிறார். தம்பி துபாய் ஓடையில் எடுத்த படகுப் படத்தைத் திருகோணமலை நகரிலுள்ள பயண முகவர் நிலையம் ஒன்று கேளாமலே விளம்பரப் பலகையில் அச்சிட்டிருப்பது அவருடைய இரண்டாவது முறையீடு.

அன்புள்ள சகோதரிக்கு,

தயவுசெய்து எதையும் அழிக்காதீர்கள். விசாரணை தொடங்கிய பின் படங்கள் காணாமற்போனால் குற்றத்தை மறைக்கச் செய்த காரியமாகவே அது பார்க்கப்படும். இலத்திரனியல் சான்றை மறைப்பதும் மாற்றுவதும் ஐக்கிய அரபு இராச்சியத்தில் தனிக் குற்றமாகும். அந்தப் படத்தைப் பிறர் காணாதபடி மறைத்துவைப்பதைக்கூட அங்குள்ள சட்டத்தரணியிடம் கேட்ட பிறகே செய்ய வேண்டும். மேலும், தம்பிக்குத் துணையாக நிற்கக்கூடிய சான்றும் அதே கணக்கில்தான் இருக்கிறது.

அந்நாட்டின் 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் கூட்டாட்சி ஆணைச் சட்டம், அதாவது வதந்திகளையும் இணையக் குற்றங்களையும் தடுக்கும் சட்டம், 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. பிறருடைய அந்தரங்கத்தில் தலையிடும் நோக்கத்துடன், அவர்களின் சம்மதமின்றி, பொது இடத்திலோ தனியிடத்திலோ படமெடுப்பதையும் அந்தப் படத்தை வைத்திருப்பதையும் பரப்புவதையும் அதன் 44ஆம் உறுப்புரை குற்றமாக்குகிறது. தண்டனை ஆறு மாதத்துக்குக் குறையாத சிறை, 150,000 முதல் 500,000 திர்ஹாம் வரையான தண்டப்பணம், அல்லது இவற்றில் ஒன்று. வெளிநாட்டவரை நாடு கடத்த உத்தரவிடும் அதிகாரமும் நீதிமன்றத்துக்கு உண்டு. 'பொது இடத்திலோ' என்ற சொல்லைக் கவனியுங்கள். கோட்டை வாசலில் மான்களைப் படமெடுக்கும்போதும் கோணேசர் கோயில் படிகளில் நின்று கடலைப் படமெடுக்கும்போதும் யாருடைய முகம் விழுந்தது என்று இங்கே எவரும் பார்ப்பதில்லை. அந்தப் பழக்கத்தோடு விமானமேறும் நம் பிள்ளைகளுக்கு, பூங்காவில் நிற்பவருக்கும் தம் முகத்தின் மீது உரிமை இருக்கிறது என்பதை எவரும் சொல்லி அனுப்புவதில்லை. இதே கவலையோடு என்னிடம் வரும் குடும்பங்களைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அது உறுத்துகிறது.

நீங்கள் அனுப்பிய பிரதியை நிதானமாகப் பார்த்தேன். நடுவில் நீரூற்று எழுகிறது. முன்னால் தம்பியின் தோளும் சிரித்த முகமும். இடது ஓரத்தில் ஒரு பெண் குனிந்து குழந்தையின் வாயைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவருடைய முகம் தெளிவாகத் தெரிகிறது என்பது தம்பிக்குப் பாதகமானது. ஆனால் படத்தின் பொருள் நீரூற்றும் தம்பியுந்தான், அந்தப் பெண் அல்லர் என்பதைப் பார்த்த மாத்திரத்திலேயே சொல்லிவிடலாம். உறுப்புரை நோக்கத்தைப் பற்றிப் பேசுவதால் வாதம் இங்கேதான் நிற்க வேண்டும்: அந்தப் பெண்ணைக் குறித்து எதுவும் எழுதாமல், அவரைப் பெரிதாக்கிக் காட்டாமல், நான்கு ஆண்டுகளாகத் தன் விடுமுறை நாட்களைப் பதிந்துவந்தவர் எடுத்த படம் இது. கணக்கை அழித்தால் இந்த வரிசையும் போய்விடும்.

வாக்குமூலம் அரபு மொழியில் எழுதப்படும். மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது தம்பியின் உரிமை. வாசித்துக் காட்டப்பட்டு விளங்கிய பின்னரே அவர் கையொப்பமிட வேண்டும். பயத்தில் "நான் எடுக்கவேயில்லை" என்று சொல்லிவிட்டால், கைபேசி அவர்கள் கையில் இருக்கும்போது அந்தப் பொய்யே அவரைக் கவிழ்த்துவிடும். முறைப்பாட்டுக்காரரிடம் மன்னிப்புக் கேட்பது நல்லதுதான், ஆயினும் அதைச் சட்டத்தரணி மூலமாகவே செய்ய வேண்டும். அவர் எழுத்தில் முறைப்பாட்டை விலக்கிக்கொண்டால் அதற்கு மதிப்பு இருக்கும். ஆனால் அத்தோடு எல்லாம் முடிந்துவிடும் என்று எண்ணிப் பயணச்சீட்டு எடுத்துவிடாதீர்கள். துபாயிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குத் தம்பி இன்றே அறிவிக்கட்டும், சார்ஜாவும் அதன் பொறுப்பில் வருகிறது. அவர் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிந்து போனவராயின், பதிவு விவரத்துடன் நீங்களும் பணியகத்தில் முறையிடலாம்.

விளம்பரப் பலகை விடயத்தில் சட்டம் உங்கள் பக்கம் உறுதியாக நிற்கிறது. எமது 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஒளிப்படமும் பதிப்புரிமை பெறும் ஆக்கம். பதிவு எதுவும் தேவையில்லை. எடுத்தவர் இலங்கைப் பிரசை என்பதால், துபாயில் எடுத்த படத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு, அவருடைய ஆயுட்காலமும் அதன் பின் 70 ஆண்டுகளும் அது நீடிக்கும். முகநூலில் போட்டதனால் படம் ஊருக்குப் பொதுவாகிவிடாது: முகநூல் நிறுவனத்துக்குக் கொடுத்த அனுமதி முகவர் நிலையத்துக்குக் கொடுத்த அனுமதியாகாது. தடையுத்தரவும் நட்டஈடும் கேட்டு கொழும்பிலுள்ள வணிக மேல் நீதிமன்றத்தில் வழக்குத் தொடரலாம். வேண்டுமென்றே மீறியது நிரூபிக்கப்பட்டால் நீதவான் நீதிமன்றத்தில் ஆறு மாதம் வரையான சிறையோ 500,000 ரூபா வரையான தண்டப்பணமோ இரண்டுமோ விதிக்கப்படலாம்.

எனினும் கொழும்புக்கு அலைவதற்கு முன் ஒரு கோரிக்கைக் கடிதம் போதுமாயிருக்கும் என்றே நினைக்கிறேன். பலகையை அகற்றுவதே அதில் முதற்கோரிக்கையாக இருக்கட்டும், கட்டணத்தைப் பிறகு பேசலாம். ஏனெனில் அந்தப் படத்திலும் படகோட்டியின் முகம் தெளிவாக இருக்கிறது, தம்பி விசாரணையில் இருக்கும் நேரத்தில் அவர் எடுத்த இன்னொரு அந்நியரின் முகம் விளம்பரமாகத் தொங்குவது அவருக்கு நல்லதல்ல. அதே காரணத்துக்காக, முகவர் நிலையத்தைக் கண்டித்து அந்தப் பலகையைப் படமெடுத்து முகநூலில் போடவும் வேண்டாம். சான்றுக்காகத் திகதி தெரியும்படி ஒரு படம் எடுத்து உங்களிடமே வைத்திருங்கள். அவர் சார்பில் நீங்கள் செயற்பட அதிகாரம் தந்து தம்பி துணைத் தூதரகத்தில் அத்தாட்சிப்படுத்தி அனுப்பும் அற்றோணித் தத்துவம் உங்கள் கைக்கு வந்ததும், அந்தப் படத்தோடு எடுத்து வாருங்கள். கடிதத்தை அன்றே தயாரித்துவிடலாம்.