தட்டு எங்கே விழுகிறது?

அன்புள்ள எழுத்தாளருக்கு,

வணக்கம். எங்கள் ஊர் பள்ளத்தூருக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வருடம் தவறாமல் முளைப்பாரி எடுப்போம். பாரி போட்ட நாளிலிருந்து ராத்திரியானால் முளைக்கொட்டுத் திண்ணையில் கும்மிதான். இன்றைக்கும் எங்கள் அப்பத்தாதான் முன்பாட்டு. என் தம்பி சென்னையில் சவுண்ட் இன்ஜினியரிங் படிக்கிறான். போன வருடம் அப்பத்தாவை வீட்டில் உட்கார வைத்துப் பாடச் சொல்லிப் பதிவு செய்தான். பிறகு கம்ப்யூட்டரில் பீட், பாஸ், சிந்தசைசர் எல்லாம் சேர்த்து ஒரு பாட்டாக்கினான். இந்த வருடம் பாரி தூக்குகிற அன்றைக்கு மைக்செட்டில் அதைப் போட்டார்கள். பையன்கள் ஆடித் தீர்த்துவிட்டார்கள். அப்பத்தாவும் ஆசையாக எழுந்து கும்மி தட்டப் போனார். ஒரு சுற்று வருவதற்குள் கையை இறக்கிவிட்டார். "குரல் என்னுதுதேன். தட்டு எங்கடா விழுகுது?" என்று தம்பியைக் கேட்டார்.

சித்தப்பாவுக்கு ஒரே கோபம். மண்ணின் பாட்டுக்குக் கரண்ட் எதற்கு, இது கொலை என்கிறார். இப்படிச் செய்யாவிட்டால் இந்தப் பாட்டெல்லாம் அப்பத்தாவோடு போய்விடும் என்கிறான் தம்பி. இரண்டு பேர் சொல்வதும் சரி என்றே எனக்குப் படுகிறது. பாட்டை இணைத்திருக்கிறேன். அடுத்த வருடமும் இதைப் போடலாமா?

(பெயர் வேண்டாம்)

*

அன்புள்ள வாசகிக்கு,

பாட்டைக் கேட்டேன். ஹெட்போனில் ஒரு தடவை, ஸ்பீக்கரில் ஒரு தடவை. உங்கள் வீட்டுச் சண்டையில் சித்தப்பா கரண்டைப் பற்றிப் பேசுகிறார், தம்பி காலத்தைப் பற்றிப் பேசுகிறான். பாட்டைக் கேட்டவர் அப்பத்தா மட்டும்தான். அதனால் அவருக்கே முதலில் பதில் சொல்கிறேன்.

கும்மி மூன்று மூன்றாக நடக்கிற பாட்டு. தகிட, தகிட. பெண் விடுதலைக்காகப் பாரதி எழுதிய கும்மிக்கும் இதே நடைதான். உங்கள் தம்பி அதற்கு அடியில் போட்டிருப்பது நாலு நாலாக நடக்கிற தகதிமி. எண்ணிக்கைக்கு ஒரு கிக், அதாவது பெரிய டிரம்மின் அடி, அதன் நடுவே ஹைஹாட் என்கிற ஜோடித் தாளத்தட்டு இரண்டிரண்டாகப் பிளந்துகொண்டு ஓடுகிறது. கிளப்பில் போடுகிற ஹவுஸ் இசையின் அடித்தளம் அது. நல்ல அடித்தளம்தான், ஆனால் இந்தப் பாட்டுக்கு உரியதில்லை. மூன்றும் நாலும் ஒன்றாக நடக்கக் கூடாது என்று சட்டமில்லை. தவில்காரர்கள் காலம் காலமாக அந்த விளையாட்டை ஆடுகிறார்கள். ஆனால் அவர்கள் தெரிந்து பிரிவார்கள், தெரிந்து சேர்வார்கள். இங்கே இரண்டும் ஒன்றையொன்று கவனிக்காமல் போகின்றன. கைதட்டு விழ வேண்டிய இடத்தில் கிக் இல்லை, கிக் விழுகிற இடத்தில் சொல்லே முடியவில்லை. அப்பத்தாவின் கை எங்கே போய் விழும்?

இதைச் சரிசெய்வது பெரிய வேலை இல்லை. மென்பொருளில் தாளத்தை ஆறுக்கு மாற்றி, கிக்கை மூன்றுக்கு ஒன்றாக வைத்தால் பாதி சண்டை தீரும். மீதிப் பாதிதான் கஷ்டம்.

கும்மி ஒரே வேகத்தில் போகாது. சாமி கும்பிடுகிற பாட்டு நிதானமாக ஆரம்பிக்கும். சுற்றுச் சுற்றாக வேகம் ஏறும். முன்பாட்டுக்காரர் மூச்சு வாங்குகிற இடத்தில் வட்டம் முழுக்கக் கொஞ்சம் தாமதிக்கும். பிறகு பின்பாட்டு அந்த இடைவெளியைத் தூக்கி நிரப்பும். இந்தப் பதிவிலும் அது இருந்திருக்கும். உங்கள் தம்பி அதையெல்லாம் ஒரே வேகத்துக்கு இழுத்து, கட்டம் கட்டமாக ஒட்டிவிட்டார். இழுத்த இடங்களில் 'ட்ட', 'த்த' என்கிற வல்லெழுத்தெல்லாம் தேய்ந்து கேட்கிறது. போதாக்குறைக்குச் சுருதியையும் திருத்தியிருக்கிறார். அதற்கான ஆட்டோ டியூன் மென்பொருள் 1997இல் வந்தது. அதை நான் வெறுக்கவில்லை, பொருந்துகிற குரல்கள் உண்டு. ஆனால் அப்பத்தா அடியின் கடைசியில் குரலை மெல்லக் கீழே வழுக்கி இறக்குகிறார் இல்லையா? அதை மென்பொருள் படிப்படியாக வெட்டிவிட்டது. கும்மியிலாவது பரவாயில்லை. ஒப்பாரியில் இதைச் செய்தால் அழுகையே போய்விடும்.

ஹார்மோனியத்தின் மேல் இதே குற்றச்சாட்டைத்தான் சொன்னார்கள். கட்டைகள் நின்ற இடத்தில் நிற்கும், நம் சுரங்கள் வளையும், ஒத்துவராது என்றார்கள். அகில இந்திய வானொலி 1940இல் ஹார்மோனியத்தைத் தடை செய்தது. 1971இல்தான் அந்தத் தடை தளர்ந்தது. ஆனால் நம் பக்கத்து நாடக மேடைகளில் அந்த ஹார்மோனியம்தான் ஆட்சி செய்தது. எப்படி? வாசிக்கிறவர் நடிகரின் வாயைப் பார்த்துக்கொண்டே வாசிப்பார். ராஜபார்ட், அதாவது கதாநாயக நடிகர், நீட்டினால் இவரும் நீட்டுவார், ராஜபார்ட் சட்டென்று நிறுத்தினால் இவர் கை தானாக நிற்கும். வளையாத கருவிதான், வாசிக்கிற ஆள் வளைந்து கொடுத்தார்.

கம்ப்யூட்டரிடமும் நான் எதிர்பார்ப்பது அவ்வளவுதான். பாடுகிறவர் பின்னால் இயந்திரம் வரட்டும். ஏபிள்டன் லைவ் போன்ற மென்பொருள்களில் அதற்கு வழி இருக்கிறது. பதிவில் ஒவ்வொரு தட்டுக்கும் குறி வைத்தால், குரல் ஓடுகிற வேகமே முழுப் பாட்டின் வேகமாகிவிடும். குரல் தாமதித்தால் பீட்டும் தாமதிக்கும். உட்கார்ந்து குறி வைக்கப் பொறுமை வேண்டும், இரண்டு மூன்று ராத்திரி போகலாம். அதைவிட முக்கியம், பதிவே வேறு மாதிரி நடக்க வேண்டும். அப்பத்தாவைத் தனியாக நாற்காலியில் உட்கார வைத்துப் பாடச் சொன்னால் அவருக்கும் தட்டு இருக்காது. பின்பாட்டுக்கு நாலு பெண்களைக் கூட்டி, வட்டத்தில் நிற்க வைத்து, மைக்கை நடுவில் வைத்து, கைத்தட்டோடு பதிவு செய்யச் சொல்லுங்கள்.

சித்தப்பாவுக்கு இப்போது. உங்கள் கோபம் புரிகிறது சார். ஆனால் கரண்ட் நம் திருவிழாவுக்கு எப்போதோ வந்துவிட்டது. புனல் ஸ்பீக்கர் இல்லாத முளைப்பாரியை உங்களுக்கு நினைவிருக்கிறதா? லைட் மியூசிக்கில் ரிதம் பேட் தட்டுகிறவரை யாரும் ஊரை விட்டுத் துரத்தவில்லை. குன்றக்குடி மலைக்குப் போகாத ஆள் நம் பக்கம் உண்டா? அந்த ஊர்ப் பெயரைச் சுமந்தவர்தான் குன்னக்குடி வைத்தியநாதன். வயலினுக்குப் பக்கத்தில் தவிலை, அதுவும் வலையப்பட்டி சுப்பிரமணியத்தின் தவிலை, உட்கார வைத்தார். சம்பிரதாயக்காரர்கள் முகம் சுளித்தார்கள், கூட்டம் அலைமோதியது. காரைக்குடி மணி ஆஸ்திரேலியன் ஆர்ட் ஆர்கெஸ்ட்ராவோடு மிருதங்கம் வாசித்தார். அவருடைய லயக் கணக்கை அவர்கள் கற்றுக்கொண்டுதான் கூட வாசித்தார்கள். கலப்பதற்கு நம் மண் என்றைக்கும் பயந்ததில்லை. யார் யாருக்காக நகர்ந்தார்கள் என்பதுதான் விஷயம்.

தம்பியின் பாட்டில் எனக்குப் பிடித்த இடத்தையும் சொல்ல வேண்டும். நடுவில் குரலை நிறுத்திவிட்டு உறுமியை மட்டும் விட்டிருக்கிறார், அருமை. வளைந்த குச்சியால் தோலைத் தேய்க்கும்போது வரும் அந்த முனகல் இருக்கிறதே, அதைச் செயற்கையாகச் செய்ய எலக்ட்ரானிக் இசைக்காரர்கள் படாத பாடு படுகிறார்கள். 1980இல் ரோலண்ட் கொண்டுவந்த 808 என்கிற தாள இயந்திரத்தின் பாஸ் டிரம்மை நீளவிட்டால் கிட்டத்தட்ட அந்தக் குடும்பத்து ஓசை வரும். அங்கேதான் தம்பி அவசரப்பட்டுவிட்டார். உறுமிக்கு அடியிலேயே 808ஐயும் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே தாழ்ந்த இடத்தில் நின்று மோதுகின்றன, ஜெயிப்பது இயந்திரம். ஒன்று உறுமி பேசட்டும், இல்லை 808 பேசட்டும். உறுமி இருக்கும்போது பாஸை அறுத்துவிடுவதுதான் மரியாதை.

பறை அவர் நேரில் பதிவு செய்தது இல்லை, எங்கோ வாங்கிய சாம்பிள், யாரோ முன்பே பதிவு செய்து வைத்த துண்டு ஓசை என்று நினைக்கிறேன். ஒரே அடி திரும்பத் திரும்ப வருவது காதில் தெரிகிறது. பறையை நெருப்பில் காட்டிக் காய்ச்சித்தான் அடிப்பார்கள். காய்ந்ததும் தோல் விறைத்து ஓசை எகிறும், அடிக்க அடிக்கச் சூடு ஆறி இறங்கும், மறுபடி நெருப்புக்குப் போகும். ஒரு ராத்திரிக்குள் அதே பறைக்குப் பல குரல். சாம்பிளில் இருப்பது அதில் ஒரு நொடி. மேளக்காரர்களைக் கூப்பிட்டு, காய்ச்சும் முன், காய்ச்சிய பின், ஆறிய பின் என்று தனித்தனியாகப் பதிவு செய்யட்டும். கூலியைப் பேசி முன்கூட்டியே கொடுத்துவிடட்டும்.

இன்னொன்று. குரலுக்கு எதிரொலி சேர்த்திருக்கிறார். கேட்டால் ஏதோ ஐரோப்பியத் தேவாலயத்துக்குள் அப்பத்தா பாடுகிற மாதிரி இருக்கிறது. மென்பொருளோடு வருகிற எதிரொலியாக இருக்கும். செட்டிநாட்டில் இருந்துகொண்டு இது தேவையா? கானாடுகாத்தான் பக்கம் ஏதாவது ஒரு பெரிய வீட்டில் அனுமதி கேட்டு வளவுக்குள், அதாவது நடு முற்றத்துக்குள் போய்க் கை தட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். கருங்கல் தூண், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை, முட்டை வெள்ளைக்கரு சேர்த்து இழைத்த சுண்ணாம்புச் சுவர், எல்லாமே ஓசையை விழுங்காமல் திருப்பி அடிக்கிற பரப்புகள். ஆனால் நடுவில் வானம் திறந்திருப்பதால் ஓசையில் ஒரு பங்கு மேலே போய்விடும். அதனால் தேவாலயம் மாதிரி இழுத்துக்கொண்டே இருக்காது. பளிச்சென்று ஒரு பதில் கொடுத்துவிட்டு அடங்கும். அங்கே ஒரு பலூனை உடைத்து அந்தச் சத்தத்தைப் பதிவு செய்தால் போதும். இம்பல்ஸ் ரெஸ்பான்ஸ் என்பார்கள். அதைக் கன்வல்யூஷன் ரிவெர்ப் என்கிற கருவிக்குள் போட்டால் எந்தக் குரலையும் அந்த வளவுக்குள் நிற்க வைக்கலாம். பல வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன, சில இடிந்தே போய்விட்டன. ஓசையையாவது யாராவது எடுத்து வைக்கட்டும்.

பாட்டை இணையத்தில் ஏற்றியிருக்கிறாரா என்று நீங்கள் எழுதவில்லை. ஏற்றினால் பாடகர் என்கிற இடத்தில் அப்பத்தாவின் முழுப்பெயர் வர வேண்டும். "கிராமியக் குரல்" என்று போடுகிற பழக்கம் எனக்கு எரிச்சல் தருவது. பாட்டு ஊர்ப் பொதுச்சொத்தாக இருக்கலாம், பாடியது அவர். 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் 1994இல் கொண்டுவந்த திருத்தம் நிகழ்த்துகிறவருக்கும் தனி உரிமை கொடுக்கிறது. அது இப்போது 50 ஆண்டு. வீட்டுக்குள் சட்டம் பேசுவதா என்று சிரிப்பார்கள், சிரிக்கட்டும். பணம் வந்தால் அதிலும் அவருக்குப் பங்கு உண்டு.

சரி, அடுத்த வருடம் போடலாமா? கும்மி சுற்றுகிற நேரத்தில் வேண்டாம். அந்த வட்டத்துக்கு வெளியிலிருந்து எதுவும் தேவைப்படவில்லை. பாரி ஊருணிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு, சாப்பாடும் முடிந்த பிறகு, பையன்கள் கூடுகிற நேரத்தில் தாராளமாகப் போடுங்கள். பாக்ஸைத் திண்ணைக்கு எதிரே வைக்காமல் திடல் பக்கம் திருப்பி வைக்க மைக்செட்காரரிடம் சொல்லிவிடுங்கள். ஆனால் ஒன்று, இந்தப் பாட்டு இருக்கிறதே என்று நையாண்டி மேளத்துக்கு ஒதுக்குகிற பணத்தை விழாக் கமிட்டி வெட்டினால், சித்தப்பாவை முன்னால் விட்டுச் சண்டை போடுங்கள். அவர் கோபம் உபயோகப்படுகிற இடம் அதுதான்.

முடிந்தால் தம்பியிடம் சொல்லி, பீட் சேர்க்காத, எதுவும் திருத்தாத முதல் பதிவை எனக்கு அனுப்பச் சொல்லுங்கள். மூன்றாவது கண்ணியில் அப்பத்தா ஏதோ ஒரு ஊர்ப் பெயர் சொல்கிறார். ரங்கூனா, ராங்கியமா என்று பிடிபடவில்லை. சரியாக அந்த இடத்தில் கிக் விழுகிறது.