பள்ளியில் நீட்டிய படிவம்: கையெழுத்துப் போடலாமா?

கேள்வி: கோத்தகிரி பக்கம் ஒரு ஹட்டியில் (படுகர் ஊர்) இருக்கிறோம். கொஞ்சம் தேயிலைத் தோட்டம், பச்சை இலை போட்டுத்தான் பிழைப்பு. மகனுக்கு 10 வயது, ஐந்தாம் வகுப்பு. ஓரிடத்தில் உட்கார மாட்டான். படிக்கச் சொன்னால் எழுத்துக்கூட்டவே திணறுகிறான். போன மாதம் அவன் பள்ளிக்குக் கீழேயிருந்து ஒரு ஆராய்ச்சிக் குழு வந்தது. பிள்ளைகளின் கவனம், படிப்பு, மூளை வளர்ச்சி பற்றிய ஆய்வாம். எச்சில் எடுப்பார்களாம், கம்ப்யூட்டரில் விளையாட்டு மாதிரி ஒரு டெஸ்ட், அப்புறம் ஒரு நாள் கோவைக்குப் போய் மூளை ஸ்கேன். ஏழு பக்கப் படிவம், முழுக்க ஆங்கிலம். “எல்லாரும் போட்டுட்டாங்க, நீங்க மட்டும்தான் பாக்கி” என்கிறார் தலைமையாசிரியர். “பையனுக்குப் பைத்தியம்னு எழுதிடுவாங்க” என்கிறார் மாமியார். போடலாமா, வேண்டாமா?

பதில்: இன்றைக்குப் போட வேண்டாம். ‘முடியாது’ என்றும் இன்றைக்கே சொல்லிவிட வேண்டாம். படிவத்தின் தமிழ்ப் பிரதியைக் கேட்டு வாங்கி, வீட்டில் வைத்து நாலு நாள் யோசியுங்கள். ஒரு தாய்க்காக நாலு நாள் பொறுக்க முடியாத ஆய்வில் பிள்ளையைச் சேர்க்காமல் இருப்பதே நல்லது.

நான் குழந்தைகள் மனநல மருத்துவன். இதே மாதிரிப் படிவங்களைப் பெற்றோரிடம் நானும் நீட்டியிருக்கிறேன். ‘எங்கே கையெழுத்து, டாக்டர்?’ என்று மட்டும் கேட்டவர்கள்தான் அதிகம். வெளியே நிற்கும் கூட்டத்தை நினைத்து, நானும் விரலால் இடத்தைக் காட்டிவிட்டுப் பேனாவைக் கொடுத்த நாட்கள் உண்டு. இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்துக்குக் கொஞ்சம் விரிவாகவே பதில் சொல்கிறேன்.

வைத்தியம் உங்கள் மகனுக்காக நடப்பது. ஆராய்ச்சி ஒரு கேள்விக்கு விடை தேடி நடப்பது. இரண்டையும் செய்பவர் பல நேரம் ஒரே டாக்டர், அதே வெள்ளைக் கோட்டு. குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ‘ஸ்கேன் எடுத்தால் பையனுக்கு என்ன கோளாறு என்று தெரிந்துவிடும்’ என்று நினைத்திருந்தால், தெரியாது. ஏடிஎச்டி என்று நாங்கள் சொல்லும் கவனக்குறைவையும் மிகைத் துடிப்பையும் எந்த ஸ்கேனும், எந்த ரத்தப் பரிசோதனையும் கண்டுபிடித்துத் தராது. வீட்டிலும் பள்ளியிலும் விசாரித்து, பிள்ளையோடு உட்கார்ந்து பேசித்தான் கண்டறிகிறோம்.

2017-ல் பல நாட்டு ஸ்கேன்களை ஒன்றுசேர்த்து, ஏடிஎச்டி உள்ள 1,713 பேரையும் இல்லாத 1,529 பேரையும் ஒப்பிட்டார்கள். உள்ளவர்களின் மூளையில் சில பகுதிகள் சராசரியில் சற்றே சிறியவையாக இருந்தன. வித்தியாசம் பெரியவர்களைவிடச் சிறுவர்களிடம்தான் தெரிந்தது. ஆனால் அது ஒரு கூட்டத்துக்கும் இன்னொரு கூட்டத்துக்கும் உள்ள வித்தியாசம். இரண்டு ஊர் இலையை மூட்டை மூட்டையாகப் போட்டுப் பார்த்தால் எது தரம் என்று ஃபேக்டரிக்காரர் சொல்லிவிடுவார். அதிலிருந்து ஒரே ஒரு கொழுந்தை எடுத்து நீட்டி, எந்த ஊர் என்று கேட்டால்? எச்சில் எடுப்பது மரபணுவைப் பார்க்க. அந்தக் கதையும் இதுதான். இரட்டையரை வைத்து நடந்த ஆய்வுகளின்படி ஏடிஎச்டியில் பரம்பரையின் பங்கு 70 சதவீதத்துக்கும் மேல். ஆனாலும் அதற்கென்று ஒற்றை மரபணு கிடையாது. 2023-ல் வந்த பெரிய ஆய்வு மரபணுத் தொகுப்பில் 27 இடங்களைக் காட்டியது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. ஆகவே உங்கள் மகனின் எச்சிலிலிருந்து உங்களுக்கென்று ஒரு ரிப்போர்ட் வரப்போவதில்லை.

‘அப்புறம் எங்களுக்கு என்னதான் பயன்?’ நேரடியாக ஒன்றுமே இல்லாமலும் போகலாம். அந்தப் படிவம் யோக்கியமானது என்றால், அதிலேயே அப்படி எழுதியிருக்கும்.

பிறகு ஏன் ‘முடியாது’ என்று சொல்லிவிடாதீர்கள் என்கிறேன்? மேலே சொன்ன 27 இடங்களும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரிடம் கிடைத்தவை. நம் பிள்ளைகளை அளக்க நாம் பயன்படுத்தும் கேள்வித்தாள்களில் பலவும் வெளிநாட்டில் செய்தவை. கோவையிலேயே 770 ஆரம்பப் பள்ளிப் பிள்ளைகளைப் பார்த்து 2013-ல் வெளியான ஒரு ஆய்வு, 11.32 சதவீதம் பேருக்கு ஏடிஎச்டி என்றது. உலக அளவில் ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் சொல்வதோ சுமார் 5 சதவீதம். கோவைப் பிள்ளைகள் இரண்டு மடங்கு துறுதுறுப்பா? நான் அப்படி நினைக்கவில்லை. யாரிடம் கேட்டார்கள், எந்தக் கேள்வித்தாள், எங்கே கோடு கிழித்தார்கள் என்பதைப் பொறுத்து எண் ஏறும், இறங்கும். இதைச் சரிசெய்ய இங்குள்ள பிள்ளைகளை வைத்து நல்ல ஆய்வுகள் வேண்டும். பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவ நிறுவனம் முன்னின்று நடத்தும் சிவேதா என்ற ஆய்வு, 6 வயது முதல் 23 வயது வரை உள்ள ஆயிரக்கணக்கானவர்களைப் பல மாநிலங்களில் பின்தொடர்கிறது. அதுவும் இப்படிப் படிவத்தில் கையெழுத்திட்ட பெற்றோர்களால் நடப்பதுதான்.

அந்தக் கம்ப்யூட்டர் டெஸ்ட் எந்த மொழியில் என்று கேட்டீர்களா? உங்கள் வீட்டில் படுக பேசுவீர்கள், பள்ளியில் தமிழ், புத்தகத்தில் பாதி ஆங்கிலம். சொற்களை நினைவில் வைத்துச் சொல்லும் சோதனையை ஆங்கிலத்தில் வைத்துவிட்டு, ‘நினைவாற்றல் குறைவு’ என்று எழுதினால் அது மொழியின் மதிப்பெண், பையனின் மதிப்பெண் அல்ல. டெஸ்ட் நடத்துபவருக்குப் படுக தெரியுமா, தெரிந்த ஒருவர் கூட இருப்பாரா என்று கேளுங்கள். இந்தக் கேள்வி கேட்டால் நல்ல ஆராய்ச்சியாளர் சந்தோஷப்படுவார்.

நீலகிரிக்கு இது புதிதும் அல்ல. 1901–02-லேயே ரிவர்ஸ் என்ற ஆங்கில மருத்துவர் தோடர்களிடம் வந்து பார்வை, நிறம், வலி பற்றியெல்லாம் சோதனைகள் நடத்திவிட்டுப் போனார். தமக்குத் தகவல் சொன்ன சிலர் வீட்டில் துக்கம் நேர்ந்ததையும், ரகசியத்தை வெளியே சொன்ன தெய்வக் குற்றம் என்று ஊர் நினைத்ததையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். ஒப்புதல் படிவம் என்ற பேச்சே அப்போது கிடையாது.

அந்தப் படிவம் வந்ததற்குப் பின்னால் கசப்பான கதைகள் இருக்கின்றன. நியூயார்க்கில் வில்லோபுரூக் என்று அறிவுத்திறன் குறைந்த பிள்ளைகளுக்கான ஒரு விடுதிப் பள்ளி. 1956-லிருந்து பல ஆண்டுகள் அங்கே பிள்ளைகளுக்கு வேண்டுமென்றே மஞ்சள் காமாலைக் கிருமியைக் கொடுத்து ஆய்வு செய்தார்கள். பெற்றோர் கையெழுத்து இருந்தது. ஆனால் 1964-ல் பள்ளி நிரம்பி வழிந்து அனுமதியை நிறுத்தியபோது, ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. வேறு போக்கிடம் இல்லாத பெற்றோர் போட்ட கையெழுத்து அது. நம் நாட்டில், அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி ஆய்வில் பழங்குடிச் சிறுமிகள் பலர் சேர்க்கப்பட்டார்கள். 2010-ல் அது நிறுத்தப்பட்டது. நாடாளுமன்ற நிலைக்குழுவின் 2013 அறிக்கையில் வந்த கணக்குப்படி, 9,543 படிவங்களில் 2,763-ல் கையெழுத்திட்டவர்கள் விடுதிக் காப்பாளர்கள். அந்தத் தடுப்பூசி நல்ல தடுப்பூசிதான், உங்கள் வீட்டில் பெண் பிள்ளை இருந்தால் போடச் சொல்வேன். தவறு கையெழுத்தில் நடந்தது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைகள் இதில் தெளிவாக இருக்கின்றன. தலைமையாசிரியரோ ஊர்ப் பெரியவரோ குழுவைப் பள்ளிக்குள் விடலாம். உங்கள் சம்மதத்துக்குப் பதிலாக அவர் சம்மதிக்க முடியாது. படிவம் உங்களுக்குப் புரியும் மொழியில் இருக்க வேண்டும். எந்தக் கட்டத்திலும் காரணம் சொல்லாமல் விலகலாம், அதனால் மகனின் படிப்புக்கோ வைத்தியத்துக்கோ பாதகம் வரக்கூடாது. எந்த நெறிமுறைக் குழு இந்த ஆய்வுக்கு அனுமதி கொடுத்தது, புகார் சொல்ல யாரைக் கூப்பிடுவது என்று படிவத்தில் இருக்கும். இல்லையென்றால் அதோடு பேச்சை முடித்துக்கொள்ளலாம். பஸ் செலவு, அன்றைய கூலி நஷ்டம், பையனுக்கு ஒரு சிறு பரிசு என்று கொடுப்பது சரி. பெரிய தொகை என்றால் சந்தேகப்படுங்கள். அதே பள்ளியில் கோத்தர், இருளர், குறும்பர் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் வீட்டிலும் சொல்லுங்கள்: பழங்குடிப் பகுதிக்குள் ஆய்வுக்கு வர, மாவட்ட ஆட்சியரோ பழங்குடியினர் நலத் துறையோ அனுமதித்திருக்க வேண்டும்.

மாமியார் சொன்னதைச் சிரித்துத் தள்ள எனக்கு மனமில்லை. ‘பெயரே இருக்காது, நம்பர் மட்டும்தான்’ என்று குழுவினர் சொல்வார்கள். சென்னையில் அது போதும். ஐம்பது வீடு உள்ள ஹட்டியில் போதாது. ‘கோத்தகிரி அருகே இன்ன கிராமத்தில், 10 வயதுச் சிறுவன், தந்தை சிறு விவசாயி’ என்று கட்டுரையில் ஒரு வரி வந்தால் போதும், பெயர் எதற்கு? ஆகவே கிராமத்தின் பெயரை அச்சில் போடுவார்களா, வகுப்பில் வீடியோ எடுப்பார்களா, தனிப்பட்ட விவரங்கள் பள்ளிக்குப் போகுமா என்று மூன்றையும் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள். இதுவரை படிவம் எழுதிய பலர் (என்னையும் சேர்த்துத்தான்) சின்ன ஊர்களைப் பற்றி யோசித்ததே இல்லை.

ஸ்கேன் பற்றி ஒரு வார்த்தை. எம்.ஆர்.ஐ.யில் கதிர்வீச்சு இல்லை. சத்தம் காதைப் பிளக்கும், அசையாமல் படுக்க வேண்டும். துறுதுறுப்பான பிள்ளைக்கு அதுவே தண்டனை. ‘தூங்க வைக்க மருந்து கொடுப்பீர்களா?’ என்று அவசியம் கேளுங்கள். ஆராய்ச்சிக்காக மட்டும் மயக்க மருந்து என்றால், நான் என் பிள்ளைக்குச் சம்மதிக்க மாட்டேன். எச்சிலைப் போல அது அற்ப ஆபத்து அல்ல. ஆபத்து கூடும்போது தாய், தந்தை இருவர் சம்மதமும் கேட்பதுதான் முறை. ஸ்கேனில் எதிர்பாராமல் ஏதாவது தென்பட்டால் யார், எப்போது உங்களிடம் சொல்வார்கள் என்பதையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

இத்தனையிலும் உங்கள் மகனிடம் யாராவது கேட்டார்களா? 7 வயதுக்கு மேல் பிள்ளையின் சம்மதமும் வேண்டும். 12 வரை வாய்மொழியாக, உங்கள் முன்னிலையில். அதற்கு மேல் எழுத்தில். நீங்கள் சரி என்று சொல்லி, அவன் ‘எனக்குப் பயமா இருக்கு, வேண்டாம்’ என்றால் அது வேண்டாம்தான். எச்சிலுக்கும் விளையாட்டுக்கும் சரி, ஸ்கேனுக்கு மட்டும் வேண்டாம் என்று பிரித்துச் சொல்ல வழி இருக்கிறதா என்றும் கேட்டுப் பாருங்கள். பல ஆய்வுகளில் இருக்கும்.

நீங்கள் கையெழுத்துப் போட்டாலும் போடாவிட்டாலும், பையனுக்கு உதவி இப்போதே வேண்டும். ஐந்தாம் வகுப்பில் எழுத்துக்கூட்டத் திணறுவது ஆய்வு முடியும் வரை காத்திருக்கிற விஷயம் இல்லை. முதலில் கண்ணையும் காதையும் பரிசோதித்துவிடுங்கள். எளிதான இதைத்தான் பலர் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஊட்டி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்குப் போய், கவனம், வாசிப்பு இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள். இரண்டும் ஒன்றாக வருவது சகஜம். ஒன்றைப் பார்த்து மற்றதை விட்டுவிடுவதும் சகஜம். கற்றல் குறைபாடு 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 வகைகளில் ஒன்று. சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சலுகைகளைக் கேட்க முடியும். உடனே யாரிடமாவது பேச வேண்டும் என்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண். தமிழில் பேசலாம், காசு இல்லை.

எல்லாம் கேட்டு, பதில் திருப்தியாகி, ஸ்கேனுக்கும் பையன் தலையாட்டிவிட்டால், தேதியை மட்டும், மழை ஓய்ந்து வரும் உங்கள் ஹெத்தை ஹப்பா திருவிழா முடிந்த பிறகு வைக்கச் சொல்லுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் மேட்டுப்பாளையம் பாதையில் எப்போது மண் சரியும் என்று உங்களுக்கே தெரியும். வளைவுகளில் வாந்தி எடுத்துக்கொண்டு இறங்குகிற பிள்ளையை நேரே டெஸ்டுக்கு உட்கார வைத்தால், அன்றைக்கு அவன் மதிப்பெண் குறையத்தான் செய்யும். போனதும் ஒரு மணி நேரமாவது ஓய்வு கொடுக்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.